அ, ஆ சொல்லிக்கொடுக்க எம்.எட். எதுக்கு?

அக்கா இடைநிலை ஆசிரியை. பதினோரு வருஷம் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவள். நடுவில் லீவு நாளெல்லாம் புத்தகமும் கையுமாக உட்கார்ந்து பி.லிட்., பி.எட்., எம்.எட். எல்லாம் முடித்தாள். 2018-ல் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு வந்தது. வீட்டில் கேசரி எல்லாம் கிண்டினோம். மறுநாள்தான் எனக்கு உறைத்தது. அவ்வளவு படிச்சதுக்கு என்ன பலன்? ஒண்ணாம் வகுப்பை விட்டுப் போனதுதான்!

நம்மூர் கணக்கே அப்படித்தானே. தொடக்கப் பள்ளிக்கு டிப்ளமா போதும். ஆறாவதிலிருந்து பத்தாவதுக்குப் பட்டதாரி. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு முதுகலை. படிக்கப் படிக்க சின்னப் பிள்ளைகளை விட்டு விலகிப் போகணும். 'அ, ஆ சொல்லிக்கொடுக்க எம்.எட். எதுக்கு?' என்று என் மாமாவே கேட்டார்.

எதுக்கா? 'கொடி' என்று எழுதிப் போடுங்க. ஒரு பையன் 'கெரடி' என்று வாசிப்பான். சிரிக்காதீங்க. அவன் செய்தது முழுக்க நியாயம். கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலி பின்னால் வரணும். கால் பார்க்க 'ர' மாதிரியே இருக்கிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிச்சதுக்கு அவனுக்கு மக்குப் பட்டம்! அப்புறம் 'கல்'லில் ஒரு க, 'தங்க'த்தில் ஒரு க, 'பகல்'ல இன்னொரு க. வீட்டில் 'ஒக்காந்திருக்கு', புத்தகத்தில் 'அமர்ந்திருக்கிறது'. இன்னொரு ரகம் உண்டு. பாடம் முழுக்க மனப்பாடம், புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் கடகடவென்று 'வாசிக்கும்'. இதில் எந்தப் பிள்ளைக்கு எங்கே சிக்கல் என்று கண்டுபிடிப்பது லேசான வேலையா? அக்கா படித்த எம்.எட்.டில் கல்வித் தத்துவம் இருந்தது, புள்ளியியல் இருந்தது. 'கெரடி' பற்றி ஒரு வரி இல்லையாம்.

அமெரிக்காவில் 'ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்' என்று ஒரு வேலை உண்டு. வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு உதவணும், மற்ற டீச்சர்களுக்கும் வழிகாட்டணும். பல மாநிலங்களில் அதுக்கு முதுகலைப் பட்டம் வேணும். உடனே கைதட்டிடாதீங்க. அங்கே பட்ட வகுப்புகளிலேயே ரொம்ப காலம் தப்பான பாடம் ஓடியிருக்கிறது. 1967-ல் கென் குட்மன் வாசிப்பை ஒருவித ஊக விளையாட்டு என்று எழுதினார். அந்த வழியில் வந்தவர்கள், தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், ஊகி என்று டீச்சர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிப்பதே பலன் தரும் என்று 2000-ல் தேசிய வாசிப்புக் குழு அறிக்கை கொடுத்த பிறகும் பிடிவாதம் குறையலை. கொலம்பியா பல்கலையின் டீச்சர்ஸ் காலேஜ், லூசி கால்கின்ஸ் நடத்திய வாசிப்புத் திட்டத்தை மூடியது 2023-ல்தான். மாஸ்டர் டிகிரி இருந்தாலும் சரக்கு தப்பு என்றால் தப்புதான்.

அதனால் அங்கிருந்து பாடத்திட்டத்தைக் காப்பி அடிக்கச் சொல்லலை. ஆங்கிலத்தின் வியாதி வேற, தமிழின் வியாதி வேற. 247 எழுத்தையும் அவை உச்சரிக்கப்படும் விதத்தையும், பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்களையும் வைத்து இங்கேயே ஒரு முதுகலைப் படிப்பு வேணும். 2022-ல் தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைத் தரம் பிரித்தது நல்ல யோசனை. ஆனால் ஒருத்தன் ஏன் அரும்பிலேயே நிற்கிறான் என்று சொல்ல ஆள் வேணுமே? சில நாள் பயிற்சியில் அது வராது. முக்கியமா, அந்தப் பட்டம் வாங்கினவங்க ஒண்ணாம் வகுப்பிலேயே இருக்கணும், பிளஸ் டூ ஆசிரியரின் சம்பளத்தோட. செலவாகும்தான். ஆகட்டுமே.

அக்கா இப்போ எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறாள். போன வாரம் போனில் சொன்னாள், அங்கேயும் மூணு பேர் 'கெரடி' என்றுதான் வாசிக்கிறார்களாம். சாப்பாட்டு மணி அடித்ததும் அவங்களை மட்டும் உட்காரவைத்துக் கொம்பும் காலும் சொல்லிக்கொடுக்கிறாளாம். மற்ற பிள்ளைகள் பார்த்தால் கேலி பண்ணுவாங்க என்று கதவைச் சாத்திக்கிட்டு.