மண்பாதைக்கும் மலைச்சாலைக்கும் ஒரே ஹெல்மெட்

கேள்வி: ‘‘காபித் தோட்டத்துக்குப் போவது மண்பாதை. சேலத்துக்கு இறங்குவது மலைச்சாலை. இரண்டுக்கும் சேர்த்து எந்த ஹெல்மெட் வாங்கலாம்?’’ - ஏற்காடு வாசகர்

பதில்: முகம் முழுவதையும் மூடும், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட் வாங்குங்கள்.

பந்தய வீரர்கள் போடும் மண்பாதை ஹெல்மெட்டில் முன்பக்கம் நீண்ட தகடு இருக்கும், முகக்கண்ணாடி இருக்காது. சாலையில் வேகமாகப் போகும்போது காற்று தகட்டைப் பிடித்துக் கழுத்தை இழுக்கும். மழைக்கும் தூசிக்கும் தனிக் கண்ணாடி வேண்டும். அரை ஹெல்மெட்டோ தாடையைக் காப்பாற்றாது. தகடு, முகக்கண்ணாடி இரண்டும் சேர்ந்த ஹெல்மெட்டும் கிடைக்கிறது. தோட்டப் பாதையில்தான் அதிக ஓட்டம் என்றால் அதை வாங்கலாம்.

தோட்டத்துக்குள் மெதுவாகத்தானே போகிறோம் என்று ஹெல்மெட்டைக் கழற்றி வண்டியில் மாட்டுவோர் உண்டு. ஈரச் சருகில் டயர் வழுக்கினால், வேகம் குறைவாக இருந்தாலும் தலை பாறையில் மோதலாம். ஹெல்மெட் அங்கேயும் தலையில்தான் இருக்க வேண்டும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* புருவத்துக்கு சற்று மேலே டேப் சுற்றித் தலையை அளந்து, அதற்கேற்ற அளவில் எடுங்கள். கன்னத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டும். நெற்றியில் வலிக்கக் கூடாது. வாரைப் பூட்டிவிட்டு, பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அது உங்களுக்கு ஆகாது.
* 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்கக் கூடாது. முத்திரையின் மேலே ஐ.எஸ். 4151 என்றும், கீழே உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் போலி தெரிந்துவிடும்.
* 20 கொண்டை ஊசி வளைவுகளில் பனிமூட்டம் சூழும். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், நிறமற்றதே நல்லது. மூச்சுப்பட்டு மங்காமலிருக்கக் காற்றுத் துளைகள் உள்ளதாகப் பாருங்கள்.

பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். ஓடும் உள்ளே இருக்கும் தெர்மாகோலும் கெட்டுவிடும். பூச்சிமருந்து டப்பாக்களுடன் சேர்த்தும் வைக்காதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும். பலமாக அடிபட்ட ஹெல்மெட்டில் தெர்மாகோல் நசுங்கியிருக்கும். வெளியே கீறல்தான் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவின்படி பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். சந்தைக்குக் கூட வரும் வீட்டுக்காரம்மாவுக்கும் அவர் தலைக்கேற்ற அளவில் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.