பைலா வேணும், காப்பிலி வேணாமா?

மாத்தளைப் பக்கம் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிறது ஒன்றுதான். மாப்பிள்ளையின் கூட்டாளிமார் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போடுவார்கள். டீஜே முதலில் இரண்டு குத்துப் பாட்டு போடுவார். பிறகு நைஜீரியாக்காரர் ரெமாவின் 'காம் டவுன்'. அதுக்கு எங்கள் வயசுக்காரர்கள் மட்டும்தான் ஆடுவோம். கடைசியில் நொன்-ஸ்டொப் பைலா. அது தொடங்கினால் ஹோலில் ஒருத்தரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். முழங்கால் வலி என்று சொன்ன பெரியம்மாவும் எழும்புவார், மேசைக்கு அடியில் போத்தலை ஒளித்து வைத்திருந்த மாமாவும் எழும்புவார். தமிழர், சிங்களவர், முஸ்லிம் என்ற வித்தியாசமும் அங்கே இல்லை. டிரிப் போகிற பஸ்ஸிலும் இதே கதைதான். சீட்டின் முதுகில் தாளம் போட ஒருத்தன் இருந்தால் போதும், நுவரெலியா வரைக்கும் பைலாவிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்.

இதே கூட்டத்தில் கொஞ்சம் கறுப்பாக, சுருட்டை முடியோடு ஒரு பையன் இருந்தால் அவனுக்குப் பெயர் தயாராக இருக்கும்: "டேய் காப்பிலி!" சில இடங்களில் காப்பிரி என்பார்கள். ஸ்கூலில் தொடங்குகிற இந்தப் பட்டம் கெம்பஸ் வரைக்கும் கூடவே வரும். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் "பொண்ணு நல்லவதான், ஆனா காப்பிலி மாதிரி இருக்கா" என்று சொல்லிவிட்டு வருகிறவர்களும் நம்ம ஆட்கள்தான். கேட்டால் "சும்மா பகிடிக்குத்தானே" என்பார்கள்.

என் பிரச்சினை இதுதான். பைலாவுக்கு இடுப்பை ஆட்டுகிறோம். அந்த ஆட்டத்தை இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த மனுசர்களின் பெயரைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். இது எப்படி நியாயம்?

முதலில் இந்தக் காப்பிலிகள் யார் என்று பார்ப்போம். போர்த்துக்கீசர் ஆபிரிக்காவில் இருந்து, முக்கியமாக மொசாம்பிக் பக்கத்தில் இருந்து, ஆட்களை அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் இங்கே இறக்கினார்கள். அவர்களுக்குப் பின் வந்த ஒல்லாந்தரும் அதைத்தான் செய்தார்கள். கொழும்பில் இன்று நாம் சாப்பிடப் போகிற கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் 'ஸ்லேவ் ஐலண்ட்' என்று பெயர் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது. ஆங்கிலேயரும் ஆபிரிக்கர்களை வைத்துப் படைப்பிரிவு நடத்தினார்கள். அந்தப் படை கலைந்த பிறகு புத்தளத்தில் தங்கியவர்களின் வழிவந்தவர்கள்தான் இன்று புத்தளத்துக்குப் பக்கத்தில் சிறாம்பியடியில் இருக்கிற சில குடும்பங்கள். மாத்தளையில் இருந்து குருநாகல் வழியாகப் போனால் அரை நாளில் போய்ச் சேர்ந்துவிடலாம். அவ்வளவு கிட்ட இருக்கிறார்கள்.

அவர்கள் வரும்போது கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை, கொண்டுவர விட்டிருக்கவும் மாட்டார்கள். உடம்புக்குள் இருந்த தாளம் மட்டும் கூட வந்தது. அது போர்த்துக்கீசரின் பாட்டோடும், பிறகு இந்த ஊர் மேளத்தோடும் கலந்து 'கஃப்ரிஞ்ஞா' ஆனது. பெயரைப் பாருங்கள்: 'கஃப்ரி' என்ற சொல்லும் போர்த்துக்கீச மொழியில் செல்லமாகச் சின்னதாக்கிச் சொல்கிற விகுதியும் சேர்ந்தது. அந்த ஆட்டத்தின் பெயரிலேயே அந்த ஆட்கள் இருக்கிறார்கள். 'பைலா' என்பதும் ஆடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கீசச் சொல்லில் இருந்து வந்ததுதான். ஒன்று-இரண்டு-மூன்று, ஒன்று-இரண்டு-மூன்று என்று உருண்டு வருகிற அந்த ஆறு எண்ணிக்கைத் தாளத்தைக் கேட்டால் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் இதைக் கிட்டாரோடு சிங்களத்தில் பாடிப் பரப்பினார். எம். எஸ். பெர்னாண்டோ, அன்ரன் ஜோன்ஸ், டெஸ்மன்ட் டி சில்வா, ஜிப்சீஸ் என்று அந்த வரிசை நீண்டது. தமிழில் வந்த பொப் இசையும் இதே கொப்பில் காய்த்ததுதான். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' எல்லாவற்றிலும் ஓடுகிறது பைலாத் தாளம். 'சுராங்கனி' கடல் தாண்டி 1977இல் இளையராஜா இசையமைத்த 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் ஏறிவிட்டது. "இது சிங்கள ஆக்களின்ட மியூசிக்தானே" என்று சொல்கிற தமிழ் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இன்னும் நெருக்கமான சாட்சி மட்டக்களப்பில் இருக்கிறது. வீட்டுக்கு வெளியே தமிழ் பேசி வாழ்கிற அங்குள்ள பறங்கியர் தங்கள் கல்யாணங்களில் வயலினும் மேளமும் வைத்து ஜோடி ஜோடியாகக் கஃப்ரிஞ்ஞா ஆடுகிறவர்கள்.

பைலா முழுக்க ஆபிரிக்கா என்று நான் சொல்ல வரவில்லை. அது ஒரு கலவை. போர்த்துக்கீசருக்கும் பங்கு உண்டு, சிங்களவருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் பங்கு பிரிக்கிற நேரத்தில் ஒரு ஆளை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோமே, அதைத்தான் கேட்கிறேன்.

சிறாம்பியடியில் பாடுகிற பாட்டுக்கு 'மஞ்சா' என்று பெயர். பெரும்பாலும் பெண்கள்தான் முன்னால் நின்று பாடுவார்கள். மேளத்தோடு சிரட்டை, கரண்டி, கண்ணாடிப் போத்தல் எல்லாம் வாத்தியம். மெதுவாகத் தொடங்கும், போகப்போக வேகம் கூடும், கடைசியில் ஆடாமல் இருக்க முடியாது. பாட்டின் மொழி போர்த்துக்கீசக் கிரியோல். அவர்கள் இப்போது வீட்டில் பேசுவது சிங்களம். பாட்டில் வருகிற எல்லாச் சொல்லுக்கும் இளம் ஆட்களுக்கு அர்த்தம் தெரியாது. ஆனாலும் அம்மம்மா பாடினதை அம்மா பாடினார், அம்மா பாடினதை மகள் பாடுகிறாள். மொழி போன பிறகும் ஒரு சமூகம் தாளத்தைப் பிடித்துக்கொண்டு தன்னை யாரென்று ஞாபகம் வைத்திருக்கிறது. கலைப் பீடத்தில் 'அடையாளம்', 'நினைவு' என்று தலைப்புப் போட்டு மூன்று வருசம் நோட்ஸ் எடுக்கிற நமக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

நம்ம சினிமா, பொழுதுபோக்குச் செய்திகளை எடுத்துப் பார்த்தால் கோடம்பாக்கத்து நடிகை எந்த நாட்டுக்கு லீவில் போனார் என்பது தெரியும். தென்னாபிரிக்கப் பாடகி டைலா 2024இல் கிராமி வாங்கினது தெரியும். ஆபிரிக்க இசைக்கென்று முதல் தடவையாகக் கொடுத்த கிராமி அது. 2018இல் மனோகரன் செத்தபோதும், 2021 செப்டெம்பரில் ஜிப்சீஸ் சுனில் பெரேரா செத்தபோதும் எத்தனை பேர் ஸ்டேட்டஸ் போட்டோம்! அதெல்லாம் சரிதான். ஆனால் மஞ்சா பாடுகிற ஒரு அம்மாவின் பெயரைச் சொல்லச் சொன்னால் நம்மில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? அவர்களைப் பற்றி எழுதுகிறவர்களும் பெரும்பாலும் ஒரே தலைப்பைத்தான் போடுகிறார்கள்: 'அழிந்துவரும் இனம்'. முடியைப் பற்றி ஒரு பந்தி, நிறத்தைப் பற்றி ஒரு பந்தி, எத்தனை பேர் மிச்சம் என்று ஒரு வரி. பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு வரிகூட இருக்காது. ரெமா என்றால் கலைஞர், சிறாம்பியடி என்றால் காட்சிப்பொருளா?

சொல்லைப் பற்றியும் பேச வேண்டும். 'காஃபிர்' என்ற அரபுச் சொல்லுக்கு 'நம்பிக்கை இல்லாதவர்' என்று பொருள். அது கடலோரமாகவே பயணம் செய்து கறுப்பின மக்களின் தலையில் வந்து உட்கார்ந்தது. தென்னாபிரிக்காவில் அது மிகக் கேவலமான வசவு. அந்தச் சொல்லால் கறுப்பினப் பொலிஸ்காரரைத் திட்டிய ஒரு பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனையே கொடுத்தது. இலங்கையில் கதை கொஞ்சம் வேறு. சிறாம்பியடிக்காரர்களே தங்களை அந்தப் பெயரால் சொல்லிக்கொள்கிறார்கள், அதில் அவர்களுக்கு வெட்கம் இல்லை. "அவங்களே சொல்றாங்க, நாங்க சொன்னா என்ன?" என்று கேட்கலாம். அவர்கள் சொல்லும்போது அது ஒரு சமூகத்தின் பெயர். கூட்டாளியின் முடியைப் பார்த்து நாம் சொல்லும்போது அது அவனையும் அவர்களையும் சேர்த்து மட்டம் தட்டுகிற வார்த்தை.

இந்த வித்தியாசம் மாத்தளைக்காரனுக்கு விளங்கவில்லை என்றால் வேறு யாருக்கு விளங்கும்? 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தோட்டத்தில் பிறந்தவன் தன் தோட்டத்தைச் சொல்வது பெருமை, டவுனில் ஒருத்தன் அதையே மூஞ்சிக்கு நேரே சொன்னால் ரத்தம் கொதிக்கும். நம்ம பாட்டன் பூட்டனும் கடல் வழியாகத்தான் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். மலைக்கு ஏறுகிற வாசல் மாத்தளைதான். 200 வருச நிறைவுக்காக 2023இல் தலைமன்னாரில் ஜூலை 28ஆம் தேதி தொடங்கின நடைபயணம் ஆகஸ்ட் 12ஆம் தேதி இங்கே வந்து முடிந்ததும் அதனால்தான். 'இந்தியத் தமிழர்' இல்லை, 'மலையகத் தமிழர்' என்று எழுதுங்கள் என்று நாம் சண்டை பிடிக்கிறோம். அப்படி ஒரு பெயருக்குப் போராடுகிற ஜனம், இன்னொரு ஜனத்தின் பெயரைப் பகிடிக்கு வைத்திருக்கலாமா?

அடிமையாக விற்கப்பட்டதும் கங்காணியின் கடனில் மாட்டினதும் ஒன்றில்லை, தெரியும். அளந்து பார்த்து யாருக்கு வலி கூட என்று போட்டி போடவும் இல்லை. இரண்டு கூட்டமும் வேறொருத்தரின் லாபத்துக்காகக் கப்பல் ஏறின கூட்டம், இரண்டு கூட்டத்தின் இசையையும் ஊர் ரசித்துக்கொண்டே கேவலமாகப் பார்த்தது. நம்ம தப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விடியற்காலையில் ஆட்களை வேலைக்கு எழுப்பத் தப்பு வேணும், சாவு வீட்டுக்குத் தப்பு வேணும், காமன் கூத்துக்குத் தப்பு வேணும். அடிக்கிறவருக்கு மட்டும் வாசலுக்குள் இடம் இல்லை. அந்த அநியாயத்தைச் செய்தது வெளியார் இல்லை, நாமேதான். இப்போது தப்பை மேடையில் ஏற்றி அடிக்கிற மலையகப் பிள்ளைகள் அதைத் திருத்தப் பார்க்கிறார்கள். பைலாவுக்கும் அப்படி ஒரு திருத்தம் வேண்டும்.

"ஒரு பாட்டுக்கு ஆடக்கூட இவ்வளவு வரலாறு படிக்கணுமா?" என்று யாராவது கேட்பீர்கள். தேவையில்லை. வரலாறு தெரியாமலேயே ஆடுங்கள், பைலா அதற்குத்தான் இருக்கிறது. ஆடி முடித்து வியர்வை துடைக்கும்போது பக்கத்தில் இருக்கிறவனைக் 'காப்பிலி' என்று கூப்பிடாமல் இருக்க எந்தப் புத்தகமும் படிக்கத் தேவையில்லை.

அதற்கு மேல் செய்ய விரும்புகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. கெம்பஸ் கலை விழாவுக்கு லட்சக்கணக்கில் கொடுத்துக் கொழும்பு பேண்ட் கூப்பிடுகிறோம். ஒரு வருசம் சிறாம்பியடிக் குழுவைக் கூப்பிடலாம், அதுவும் ஆய்வு மாதிரியாக இல்லை, சம்பளம் கொடுத்து, மற்றப் பேண்டுக்குக் கொடுக்கிற அதே நேரத்தைக் கொடுத்து. பாடினவர்களின் பெயரைப் போஸ்டரில் போடலாம். வானொலியில் வேலை செய்கிற அண்ணாமார், அக்காமார் 'சுராங்கனி' போடும்போது அரை நிமிசம் இந்தக் கதையைச் சொல்லலாம். பொழுதுபோக்குப் பக்கம் எழுதுகிற தம்பி தங்கச்சிமார் 'அழிந்துவரும்' என்ற சொல்லை ஒதுக்கிவிட்டுப் பாட்டைக் கேட்டு எழுதலாம்.

அடுத்த கல்யாணத்தில் பைலா போடும்போது நானும் ஆடத்தான் போகிறேன். யாராவது ஒரு பையனை அந்தப் பெயரால் கூப்பிட்டால், பாட்டை ஒரு நிமிசம் நிறுத்தச் சொல்லி, இந்தப் பாட்டு யாருடையது என்று அங்கேயே கேட்கவும் போகிறேன். பாட்டு நின்றால் கோபம் வரும். வரட்டும்.