கல்லூரி மூடிய மறுநாள் ஒரு மேட்ச்

எனக்கு பேஸ்பால் அரைகுறையாகத்தான் புரியும். கிரிக்கெட்டை வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறிக் கற்றது. ஒன்பது இன்னிங்ஸ், பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன், அவ்வளவுதான் என் ஞானம். ஆனாலும் 2024 மே மாதக் கடைசியில், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரி டீமின் ஸ்கோரை மூன்று நாள் தூக்கம் கெட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அவர்களும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் சதர்ன் காலேஜ் என்று ஒன்று இருந்தது. 1856-ல் ஆரம்பித்தது. கடைசி வருடங்களில் ஆயிரம் மாணவர்கள்கூட இல்லை. அதன் பேஸ்பால் டீமுக்குப் பதினேழு சீசன்களாகத் தலைமைக் கோச் ஜான் வைஸ்பெர்க்.

சின்னக் கல்லூரி கோச் என்றால் என்ன வேலை தெரியுமா? அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுக்குப் படிநிலைகள் உண்டு. மேல்தட்டில் டெக்சாஸ், புளோரிடா மாதிரி ராட்சதப் பல்கலைக்கழகங்கள். அங்கே கோச்சுக்குக் கோடிகளில் சம்பளம், ஆட்டக்காரர்களுக்கு ஸ்காலர்ஷிப், டி.வி. கேமரா. மூன்றாம் பிரிவு என்று சொல்லப்படும் தட்டில், விளையாட்டுக்காக ஒரு டாலர்கூட ஸ்காலர்ஷிப் தரக் கூடாது என்பதே விதி. வைஸ்பெர்க்கின் கல்லூரி இந்தத் தட்டில் இருந்தது.

அப்படியென்றால் நல்ல ஆட்டக்காரன் அங்கே ஏன் வர வேண்டும்? கோச் கூப்பிடுவதால்தான் வருகிறான். கோடை முழுக்கப் பள்ளி மைதானங்களில் வெயிலில் நின்று பையன்களைப் பார்ப்பார். பிடித்தவனின் வீட்டுக்கு போன் போடுவார். அவனைவிட அவன் அம்மாவிடம்தான் அதிக நேரம் பேச வேண்டியிருக்கும். ‘படிப்பு நல்லா இருக்கும், டாக்டருக்குப் படிக்கணும்னாலும் படிக்கலாம், நாலு வருஷம் நான் பார்த்துக்கறேன்.’ பெற்றோர் ஃபீஸ் கட்ட வேண்டும். சின்னக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிப்பதே இப்படி விளையாட வந்து சேரும் பிள்ளைகள்தான். ஆக, கோச் பாதி நேரம் அட்மிஷன் ஆபீசர்! மீதி நேரத்தில் மைதானத்துச் செம்மண்ணை வாரிச் சமப்படுத்துவது, மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுவது, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்ப்பது. பந்து வீசக் கற்றுக்கொடுப்பது அதற்கெல்லாம் பிறகு.

இத்தனைக்கும் நடுவில் 2019-ல் வைஸ்பெர்க் தன் டீமை மூன்றாம் பிரிவின் தேசிய இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார். கலிஃபோர்னியாவின் சாப்மன் பல்கலைக்கழகத்திடம் தோற்று, இரண்டாம் இடம்.

கல்லூரியின் கஜானா மட்டும் ஓட்டையாகவே இருந்தது. கட்டடங்களுக்காகக் கடன், 2008 பொருளாதாரச் சரிவு, மாணவர் உதவித்தொகைக் கணக்கில் நடந்த பெரிய தவறு என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த அடிகள். மாநில அரசிடம் 3 கோடி டாலர் கடன் கேட்டார்கள். கிடைக்கவில்லை. சட்டசபையில் மறுபடி முயன்றார்கள், அதுவும் கைகூடவில்லை. 2024 மார்ச் 26-ம் தேதி நிர்வாகக் குழு கூடி, மே 31-ம் தேதியோடு கல்லூரியை மூடுவதாக முடிவெடுத்தது.

அன்றைக்கு சீசன் பாதியில் இருந்தது. அந்த கோச்சின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவருக்கு வேலை போகப்போகிறது. டீமில் முதலாம், இரண்டாம் வருஷப் பையன்களுக்கு வேறு கல்லூரி தேட வேண்டும். ‘நாலு வருஷம் பார்த்துக்கறேன்’ என்று எத்தனை அம்மாக்களிடம் சொல்லியிருப்பார்! வாக்குக் கொடுத்தது கல்லூரியை நம்பித்தான், ஆனால் அந்த அம்மாக்களின் கண்ணுக்குத் தெரிந்த முகம் இவருடையதுதானே? கையெழுத்துப் போட்டு மூடியவர்கள் யாரும் பயிற்சி அறைக்குள் வந்து அந்தப் பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இந்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது.

பையன்கள் தொடர்ந்து ஆடினார்கள், ஜெயித்துக்கொண்டே போனார்கள். மே கடைசியில் ஒஹாயோ மாநிலத்தின் டெனிசன் கல்லூரியைத் தோற்கடித்து, எட்டு டீம்கள் மட்டும் ஆடும் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டார்கள். செலவுக்கு இணையத்தில் நன்கொடை திரட்டினார்கள். முன்பின் தெரியாதவர்களெல்லாம் பணம் அனுப்பினார்கள்.

அந்தச் சுற்று கிளீவ்லாண்ட் பக்கத்தில் ஈஸ்ட்லேக் என்ற ஊரில். முதல் மேட்ச் எந்தத் தேதியில் அமைந்தது என்று நினைக்கிறீர்கள்? மே 31, வெள்ளிக்கிழமை! ஊரில் கல்லூரியின் கடைசி நாள். இங்கே சால்வே ரெஜினா பல்கலைக்கழகத்திடம் 7-5 என்று தோல்வி. இரண்டாவது தடவை தோற்றால் வெளியே.

சனிக்கிழமை விடிந்தபோது அவர்களுக்குக் கல்லூரி இல்லை. சட்டையில் பெயர் இருந்தது. இல்லாத கல்லூரிக்காக ராண்டால்ஃப் மேக்கன் டீமோடு மோதினார்கள். கடைசி இன்னிங்ஸில் ஒரு பையன் அடித்த ஹோம் ரன்னில் 9-7 என்று ஜெயித்தார்கள். என் வீட்டு ஹாலில் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ஜூன் 2. எதிரே விஸ்கான்சின் வைட்வாட்டர். ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்கோர் 10-10. பேஸ்பாலில் கடைசியாக பேட் செய்கிற டீம் ஒரு ரன் முந்தினால் அந்த நொடியே ஆட்டம் முடிந்துவிடும். மிச்ச பந்து, மிச்ச விக்கெட் என்ற பேச்செல்லாம் கிடையாது. வைட்வாட்டர் பையன் ஒருவன் ஓங்கி அடித்தான். பந்து வேலிக்கு அந்தப்பக்கம் போய் விழுந்தது. 11-10.

பையன்கள் மைதானத்திலேயே ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். சாதாரணமாக ஒரு சீசன் தோல்வியில் முடிந்தால் கோச் சொல்வதற்கு ஒன்று இருக்கும்: ‘அடுத்த வருஷம் பார்ப்போம்.’ வைஸ்பெர்க்குக்கு அந்த ஒரு வாக்கியமும் இல்லை. படிப்பு முடியாத பையன்களுக்கு மறுநாளிலிருந்து வேறு கல்லூரி, வேறு சட்டை, வேறு கோச். அடுத்த வசந்தத்தில் அவர்களில் யாராவது இரண்டு பேர் எதிரெதிர் டீமில் நின்றுகூட ஆடியிருக்கலாம்.