மாரியிலா பரீட்சை?

கார்த்திகையில் குளங்கள் வான் பாயும் என்பதை வன்னியில் மண்வெட்டி பிடித்த எவனும் அறிவான். பரீட்சைத் திணைக்களம் மட்டும் அறியாதாம்! 2024 நவம்பர் 25இல் உயர்தரப் பரீட்சையைத் தொடக்கினர். 27இல் வெள்ளத்தால் நிறுத்தினர். இடையில், 26ஆந் திகதி, காரைதீவில் உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மதரஸா மாணவர்களை வெள்ளம் வாரிச் சென்றது. அவர்கள் பரீட்சார்த்திகளல்லர். ஆயினும் பரீட்சார்த்திகளும் அத்தகைய வீதிகளாலேயே போயினர்.

அதன் பின்னராவது புத்தி வந்ததா? 2025இலும் நவம்பரிலேயே தொடக்கினர்; புயல் வந்ததும் எஞ்சிய பாடங்களை 2026 ஜனவரிக்குத் தள்ளினர். நீர் கழுத்தளவு ஏறியபின் அனுப்பும் சுற்றறிக்கைக்குப் பாதுகாப்பென்று பெயராம்! பல்கலைக்கழக அனுமதி பிந்துமென்பர், இப்போது பிந்தவில்லையா? 2019இல் இதே பரீட்சை ஓகஸ்டில், காய்ந்த தரையில் நடந்ததே. அம்மாதத்திற்கு மீளத் தடை யாது? திணைக்களம் பதில் கூறட்டும்.