பழைய வாட்ச் ஏலமும் நிபுணர் சொல்லும்

ஆன்லைன் ஏலத்தில் பழைய கைக்கடிகாரம் எடுக்கணும்னு ஆசைப்படும் நண்பர்களுக்கு இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

டாக்டருக்கும் வாட்சுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க. என் முன்னாடி உட்காரும் நோயாளியும், திரையில் ஏலம் கேட்பவரும் ஒரு விஷயத்தில் ஒண்ணுதான். உள்ளே என்ன இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. தெரிஞ்சவர் சொல்றதை நம்பித்தான் காசு கொடுக்கிறாங்க.

நாலு போட்டோ இருக்கு. பாதி விலையிலேயே எல்லாரும் கேட்பதை நிறுத்திட்டாங்க. அப்போ பேர் பெற்ற ஒருத்தர் "இது ஒரிஜினல் டயல், விடாதீங்க"ன்னு எழுதுறார். நிறுத்தின ரெண்டு பேர் மறுபடி கேட்க ஆரம்பிக்கிறாங்க. விலை ஏறுது.

இதுக்குப் பின்னால் ஒரு பயம் இருக்கு. 'எல்லாரையும் விட அதிகமா கேட்டு ஜெயிக்கிறேன்னா, மத்தவங்க கண்ணுக்குத் தெரிஞ்ச குறை எனக்குத் தெரியலையோ?' பொருளாதாரத்தில் இதை வென்றவரின் சாபம்னு சொல்வாங்க. ஏலக் கோட்பாட்டுக்காக 2020ல் நோபல் பெற்ற இருவரில் ஒருவரான பால் மில்க்ரோம், ராபர்ட் வெபருடன் சேர்ந்து 1982லேயே இதை எழுதிட்டார். நேர்மையான நிபுணர் கருத்தை எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்தா அந்தப் பயம் குறையும், சராசரியா விலை கூடும்.

அதனால நிபுணர் சொல்லி விலை ஏறினாலே மோசடின்னு நான் சொல்ல மாட்டேன். என் கவலை வேற. பயத்தைப் போக்கும் அதே வார்த்தை தப்பா இருந்தா, எல்லாரும் ஒரே திசையில் சேர்ந்து தப்பு பண்ணுவாங்க.

2021 நவம்பர், ஜெனீவா. பிலிப்ஸ் ஏலத்தில் ஒரு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1957 மாடல். வெயில் பட்டுப் பழுப்பேறின டயல். மதிப்பீடு 80,000 முதல் 1,20,000 சுவிஸ் பிராங்க். போனதோ 31 லட்சம் பிராங்குக்கு மேல! எடுத்தது யார் தெரியுமா? ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக.

2023ல் ஒமேகா நிறுவனமே வெளியே வந்து சொன்னது: அது பல பழைய பாகங்களைச் சேர்த்துக் கோத்த வாட்ச். இதில் தன் முன்னாள் ஊழியர்கள் மூணு பேருக்குப் பங்கு இருக்கு, அதில் ஒருவர் அருங்காட்சியகத்துக்கே பொறுப்பா இருந்தவர். இது ரொம்ப அரியது, கட்டாயம் வாங்கணும்னு மேலிடத்துக்குச் சொன்னதும் அவர்தான் என்கிறது நிறுவனம்.

தயாரிச்ச கம்பெனிக்கே இந்த நிலைமைன்னா, போனில் போட்டோ பார்த்து ஏலம் கேட்கும் நீங்களும் நானும் எம்மாத்திரம்?

மருந்து எழுதும் டாக்டர் அந்த மருந்துக் கம்பெனியில் காசு வாங்குறாரான்னு கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு இல்லையா? அதே கேள்வியை இங்கேயும் கேளுங்க. பரிந்துரைக்கிறவர் விற்கிறவரா, கமிஷன் உண்டா, அதே மாடலை அஞ்சாறு பீரோவில் வெச்சிருக்காரா? வாட்சைத் திறந்து மெஷினைப் பார்த்தாரா, இல்ல அவரும் போட்டோதான் பார்த்தாரா? ஸ்கேன் பார்க்காம 'ஒண்ணும் இல்ல, போங்க'ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

நம்ம எச்.எம்.டி. வாட்சிலும் இதே கதை நடக்குது. 2016ல் வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. இப்போ 'அரிய நிறம்'னு பளிச்சுன்னு வருபவற்றில் பல, கம்பெனி விட்ட நிறமே இல்லை; இங்கேயே மறுபடி பெயின்ட் அடிச்ச டயல். பின்மூடி திறந்த போட்டோ கேளுங்க. டயலுக்கு மறுபெயின்ட் இல்லைன்னு விற்கிறவர் கிட்ட எழுத்தில் வாங்குங்க. தயங்கினா அடுத்த வாட்சுக்குப் போயிடுங்க.

டாக்டரா ஒண்ணு சொல்லியே ஆகணும். '1940கள், அசல் ரேடியம் பூச்சு அப்படியே இருக்கு'ன்னு புகழ்ந்தா விலை ஏறும். இருட்டில் ஒளிராததால் அது செத்துப்போச்சுன்னு நினைக்காதீங்க. வீணானது கூடக் கலந்த துத்தநாக சல்பைடு மட்டும்தான். ரேடியத்தின் கதிர்வீச்சு பாதியாகவே சுமார் 1,600 வருஷம் ஆகும். 1920களில் அமெரிக்காவில் இந்த டயலுக்குப் பூச்சு பூசிய பெண்கள் பிரஷ் நுனியை நாக்கில் தடவிக் கூராக்கினாங்க. தாடை எலும்பு அழுகிச் செத்தவங்க உண்டு. மூடியிருக்கும் வரை ஆபத்து குறைவு. வீட்டில் திறக்காதீங்க, முள்ளைச் சுரண்டாதீங்க, அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. ரிப்பேருக்குக் கொடுத்தா, உள்ளே ரேடியம் இருக்குன்னு கடைக்காரர் கிட்ட முதலிலேயே சொல்லிடுங்க.