கருவி கொடுத்தோம், கைகொடுத்தோமா?

"இந்தக் காலத்திலும் நம் ஆசிரியர்கள் வெண்பலகையை விட்டு நகரவில்லையே!" என்று நம்மில் பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். இன்று சொல்ல நாக்கூசுகிறது.

நம் நாட்டு ஆசிரியர்கள் புதுமையைக் காணாதவர்கள் அல்லர். 1999-இல் விவேகப் பள்ளித் திட்டம் முன்னோட்டம் கண்டது. 2003-இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாறியபோது மடிக்கணினியும் எல்.சி.டி. புரொஜெக்டரும் வகுப்பறைக்குள் நுழைந்தன. 2011-இல் கே.எஸ்.எஸ்.ஆர். பாடத்திட்டம் வந்தது. அதன்பின் வந்த ஃபுரோக் கற்றல் தளம் 2019-இல் விடைபெற, 2020-இல் டெலிமா வந்தது. ஒன்று கைக்குப் பழகுவதற்குள் அடுத்தது வாசலில் நிற்கிறது.

பயிற்சி தரப்படவில்லையா? தரப்படுகிறது. முதன்மைப் பயிற்றுநர் கற்று மாவட்டத்தில் சொல்வார். அங்குச் சென்று வந்த ஓர் ஆசிரியர் பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்வார். கடைமடைக்கு வந்து சேரும்போது தண்ணீர் இருக்காது, ஈரம்தான் இருக்கும்.

கடந்த ஆண்டு விடுமுறையில் நான் படித்த தமிழ்ப்பள்ளிக்குச் சென்றிருந்தேன். ஆசிரியை ஒருவர் கஹூட் புதிர் செய்ய உதவி கேட்டார். அரை மணி நேரத்தில் நானே செய்து கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். எனக்கோ பெருமை தாங்கவில்லை. மூன்று மாதம் கழித்து விசாரித்தேன். "அந்த ஒன்னுதான் தம்பி இருக்கு. புதுசா செய்யத் தெரியல. திரும்பவும் உங்கள கூப்பிடக் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

நான் உதவி செய்யவில்லை. என் திறமையைக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுமுறை நான் கணினியைத் தொடவில்லை. டீச்சர் செய்தார், நான் பக்கத்தில் அமர்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஆனால், அடுத்த வாரமே பக்கத்து வகுப்பு ஆசிரியைக்கு அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். எந்தப் பட்டறையும் தராத துணிவை அந்தப் பக்கத்து நாற்காலி தந்தது.

ஆகவே, பள்ளி நிர்வாகங்கள் ஆசிரியர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ள வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டும். கோப்பு வேலைகளுக்கு நடுவே கற்றுக்கொள் என்பது நியாயமாகாது.

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ஒரு நாள் முகாம் நடத்தி, குழுப்படம் எடுத்துத் திரும்புவதோடு நம் சேவை முடிந்துவிடக் கூடாது. ஆளுக்கோர் ஆசிரியர், ஒரு தவணை முழுதும் துணை என்று தொடங்குவோம். "இது என் வகுப்புக்கு வேண்டாம்" என்று அவர் சொன்னால் அதையும் மதிப்போம்.

நமக்கு 'அ' எழுதப் பழக்கியவர்கள் நம் கையைப் பிடித்தார்கள். நமக்காக அவர்களே எழுதிவிடவில்லை. அந்தப் பாடத்தையாவது நாம் மறக்காமல் இருப்போமே!