மார்க் வீணாப் போயிடுமாம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து ஒரு வாரம் எங்க வீட்டுல ஃபோன் ஓயலை. மார்க்கைக் கேட்பாங்க, சந்தோஷப்படுவாங்க, உடனே "என்ன சேர்க்கப் போறீங்க?"ன்னு கேட்பாங்க. "பாப்பா ஜியாலஜி படிக்கிறேங்குது"ன்னு சொன்னா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் எல்லாரும் பேசி வெச்ச மாதிரி ஒரே பேச்சு: "இத்தனை மார்க் வாங்கிட்டு அதை வீணாக்கலாமாங்க?"

மார்க் எப்படி வீணாகும்னு எனக்கு இன்னும் பிடிபடலை. பால் வீணாகும். தக்காளி விலை இல்லாம காட்டுலயே கிடந்து வீணாகும், அதை நானே பார்த்திருக்கேன். பரீட்சைக்குப் படிச்ச பாடம் எந்தக் காலேஜுக்குப் போனாலும் அந்தப் புள்ளை மண்டையிலதானே இருக்கப் போகுது? ஆனா ஊருல அப்படிப் பார்க்கிறதில்லை. இத்தனை கட் ஆஃபுக்கு இந்தக் கோர்ஸ், அதுக்குக் கீழேன்னா அந்தக் கோர்ஸ்னு ஒரு ஏணி வெச்சிருக்காங்க. மேல்படி ஏற முடிஞ்ச புள்ளை கீழ்ப்படியில நின்னா, அதுக்கு என்னமோ குறைன்னு பேசுவாங்க.

நான் பத்தாவது படிச்சவன். குச்சிக்கிழங்கும் வெங்காயமும் வெக்கிறவன். எனக்கு எதுக்கு இந்தப் பேச்சுன்னு நீங்க கேட்கலாம். காலேஜ் அப்ளிகேஷன்ல ரெண்டு தடவை அப்பன்னு கையெழுத்துப் போட்டவன் நான். அதுல முதல் தடவை போட்டது தப்பு.

மூத்தவன் 2013ல பிளஸ் டூ முடிச்சான். கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப். சின்ன வயசுல இருந்தே அவனுக்கு ஆடு, மாடு, கோழின்னா உயிரு. கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்பட்டான், மார்க் எட்டலை. "அப்படின்னா பி.எஸ்சி. ஜுவாலஜி படிக்கிறேங்கப்பா"ன்னான். "அதைப் படிச்சுட்டு என்ன பண்ணுவே, ஆடு மேய்ப்பியா?"ன்னு கேட்டது நான்தான். அந்த வருஷம் எங்க ஊருல இருந்து ஆறு பசங்க மெக்கானிக்கல் சேர்ந்தாங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் மகனும் அதுல ஒருத்தன். அதுக்கு மேல எனக்குக் காரணம் தேவைப்படலை.

தனியார் காலேஜ். முதல் பட்டதாரிச் சலுகை கிடைச்சும் ஹாஸ்டல், பஸ், அந்த ஃபீஸ் இந்த ஃபீஸ்னு கல்விக் கடன் வாங்கினேன். அது பத்தாம நகைக் கடன் வேற. அரியர் எல்லாம் எழுதி அவன் வெளிய வர்றதுக்கு அஞ்சு வருஷம் ஆச்சு. ரெண்டு வருஷம் கோயமுத்தூர்ல ஒரு பட்டறையில இருந்தான். இப்ப நாமக்கல் பக்கத்துல ஒரு முட்டைக்கோழிப் பண்ணையில சூப்பர்வைசர். தடுப்பூசி போட வைக்கிறது, தீவனக் கணக்கு, எந்தக் கோழி சோர்ந்து நிக்குதுன்னு பார்க்கிறது. நல்லாத்தான் இருக்கான். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தப்ப சிரிச்சுக்கிட்டே சொன்னான், "எங்கெங்கயோ சுத்திட்டுக் கடைசியில கோழிகிட்டயே வந்துட்டேன் பாருங்கப்பா." எனக்குச் சோறு இறங்கலை. கல்விக் கடன் போன வருஷம்தான் தீர்ந்துச்சு.

மெக்கானிக்கல் மேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்லைங்க. அந்த ஆறு பேர்ல ரெண்டு பேர் ஓசூர்ல நல்ல வேலையில இருக்காங்க. அவனுங்க ஏழாவது படிக்கிறப்பவே தோட்டத்து மோட்டாரைக் கழட்டி மாட்டினவனுங்க.

சின்னவ, மூத்தவனுக்குப் பன்னெண்டு வருஷம் கழிச்சுப் பொறந்தவ. அவளுக்குக் கல்லு மேல எப்படி ஆசை வந்துச்சுன்னு சொல்றேன். 2016ல வடகிழக்குப் பருவமழை பொய்ச்சு, 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது, ஞாபகம் இருக்கும். எங்க கிணத்துல பாறை தெரிஞ்சுது. நீரோட்டம் பார்க்கிறவரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் உள்ளங்கையில தேங்காயைப் படுக்க வெச்சு நடந்தாரு. வடகிழக்கு மூலையில தேங்காய் எந்திரிச்சு நின்னுச்சு. திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டோம். 840 அடி. ராத்திரி முழுக்க ஓட்டியும் ஈரம்கூட இல்லை, புகைதான். ரிக் கக்கின கல்மாவு வெள்ளையாத் தென்னை மட்டையெல்லாம் படிஞ்சு கிடந்துச்சு. வீட்டுக்காரி முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு நின்னா. நாலாவது படிச்ச எம்மக மட்டும், ஓட்டுறவங்க குழாய்க்கு ஒரு குவியலாக் கொட்டி வெச்சிருந்த கல்மாவைத் தீப்பெட்டியில அள்ளி, மேல அடிக் கணக்கை எழுதிட்டு இருந்தா. 100, 200, 300ன்னு. ஏன் ஒரே குழியில கலர் மாறுதுன்னு என்னைக் கேட்டா. எனக்கிருந்த எரிச்சலுக்கு அவளை அடிக்காம விட்டதே பெரிசு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால மறுபடியும் போர் போடலாம்னு கிளம்பினேன். இந்தத் தடவை தெரிஞ்சவர் மூலமா நிலத்தடி நீர் பார்க்கிற ஜியாலஜிஸ்ட் மேடம் ஒருத்தங்க வந்தாங்க. ஒரே கோட்டுல நாலு இரும்புக் கம்பியை அடிச்சாங்க. வெளிக்கம்பி ரெண்டுல கரண்ட் விட்டு, உள்கம்பி ரெண்டுக்கும் நடுவுல அளவு எடுத்தாங்க. கம்பியைத் தள்ளித் தள்ளி அடிக்க அடிக்க இன்னும் ஆழத்துல இருக்கிற சங்கதி தெரியுமாம். நம்ம பக்கம் பூமிக்குள்ள ஆறு மாதிரித் தண்ணி ஓடறதில்லை, கெட்டிப் பாறை, மேலாக மக்கிப்போன பாறையிலயும் அதுக்குக் கீழ விரிசல்லயும்தான் தண்ணி நிக்கும்னு சொன்னாங்க. கடைசியா, "இந்தக் காட்டுல எங்கயும் ஆழ்துளை போடாதீங்க. இருக்கிற கிணத்தை ஆழப்படுத்துங்க, பண்ணைக் குட்டை வெட்டுங்க"ன்னுட்டுப் போயிட்டாங்க. அந்தத் தடவை நான் போடாம விட்ட போர்தான் எனக்கு லாபம்.

எம்மக அன்னைக்கு ஸ்கூலுக்கு மட்டம் போட்டுட்டு அந்த மேடம் பின்னாலயே டேப் பிடிச்சுக்கிட்டுத் திரிஞ்சா. சாயங்காலம் தீப்பெட்டிகளைக் கொண்டாந்து காட்டினா. அவங்க ஒவ்வொண்ணாத் தொறந்து பார்த்து, இது சார்னோக்கைட்டுன்னு ஒரு பேரு சொன்னாங்க. சென்னையில இருக்கிற நீங்க தெரிஞ்சுக்கணும், உங்க பரங்கிமலை, பல்லாவரத்துக் கல்லும் அதே வகைதானாம். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரரோட கல்லறைக் கல்லை வெச்சுத்தான் அந்தப் பேரே வந்துச்சாம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷம் அவ வாயில வேற பேச்சில்லை.

இந்த வருஷம் அவளோட இன்ஜினியரிங் கட் ஆஃப் 181. கணக்கை முழுசாவும் இயற்பியல், வேதியியலைப் பாதிப் பாதியாவும் எடுத்து 200க்குப் போடற கணக்கு. ஊர்க்காரங்க பேச்சைக்கூட விட்டுடலாம். சென்னையில ஐ.டி. கம்பெனியில இருக்கிற என் மச்சினன் கேட்டதைத்தான் தள்ள முடியலை. "மாமா, பாப்பா ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல இன்ஜினியரிங் போனா காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாமே அரசாங்கம் கட்டும். நாலு வருஷத்துல வேலை. அதை விட்டுட்டு அஞ்சு வருஷம் கல்லு பொறுக்கப் போகுதா?"

நியாயமான கேள்விதான். அவனும் என்னை மாதிரி ஒருத்தன் வீட்டுல பொறந்து, கம்ப்யூட்டர் படிச்சுத்தான் கூரையை மாத்திக் காங்கிரீட் போட்டான். அவன் சொல்றதுல பாசம் இருக்கு. நானும் ரெண்டு ராத்திரி தூங்கலை. அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வு ஜூன்லயே வந்துடும், இன்ஜினியரிங் ஜூலை தாண்டியும் போகும். இங்க என்ன கிடைக்கும்னு தெரியறதுக்கு முன்னாலயே அங்க சேர்றதா வேண்டாமான்னு சொல்லியாகணும்.

மச்சினனோட கேள்விக்கு நாங்களே பதில் தேடினோம். ஒரு நாள் காலையில அவளைக் கூட்டிக்கிட்டு அந்த ஜியாலஜிஸ்ட் மேடம் வேலை செஞ்சுட்டு இருந்த இடத்துக்கே போனேன். வெயில்ல முள்ளுக்காட்டுல நிக்கிறாங்க. தொப்பி, ஷூ, வேர்வை. பாத்ரூம் கிடையாது. மத்தியானம் சோத்தை ஜீப்ல உட்கார்ந்து சாப்பிட்டாங்க. அவங்களே ஒளிக்காமச் சொன்னாங்க: வெறும் பி.எஸ்சி.யோட நின்னா ஒண்ணும் இல்லை, எம்.எஸ்சி. கட்டாயம். ஜியாலஜிக்கல் சர்வே ஆஃப் இந்தியாவுக்கு யு.பி.எஸ்.சி. தனியாப் பரீட்சை வைக்குது, அதுக்கு எம்.எஸ்சி. வேணும். மாநில அரசுல டி.என்.பி.எஸ்.சி. மூலமா உதவி நிலவியலாளர் வேலை இருக்கு, ஆனா எப்பவாவதுதான் அறிவிப்பு வரும், இடமும் கொஞ்சம். அது இல்லைன்னா சுரங்கம், சிமெண்ட் கம்பெனி, தனியாரா நீரோட்டம் பார்க்கிறது. "எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி. வரைக்கும் போகலாம்மா, அதுக்கு ஜாம்னு ஒரு பரீட்சை இருக்கு, முதல் வருஷத்துல இருந்தே படி"ன்னாங்க. திரும்பி வர்றப்ப பஸ்ல, "என்ன கண்ணு, பார்த்தியா வெயிலை?"ன்னேன். "நம்ம காட்டு வெயிலை விடவாங்கப்பா?"ன்னா.

சயின்ஸ் குரூப் எடுத்த புள்ளைகளைப் பெத்தவங்களுக்கு நான் சொல்றது இதுதான். கோர்ஸ் பேரை வெச்சுப் பேசாதீங்க. அதைப் படிச்சவங்க காலையில பதினோரு மணிக்கு என்ன வேலை பண்றாங்கன்னு புள்ளையைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. ஆய்வகமா, ஆஸ்பத்திரியா, ஏ.சி. ரூமா, காடா. விதை வாங்கறதுக்கு அடுத்த ஜில்லா வரைக்கும் போய்ப் பயிரைப் பார்த்துட்டு வர்றோம். புள்ளை படிப்புக்கு மட்டும் பக்கத்து வீட்டுத் திண்ணையோட விசாரணையை முடிச்சுக்கிறோம். நானும் அப்படித்தான் முடிச்சேன்.

அதுக்காகப் புள்ளை ஆசைப்பட்டுச்சுன்னு கண்ணை மூடிட்டு விடவும் சொல்லலை. அவ கேட்ட படிப்பு லட்சக்கணக்குல ஃபீஸ் கேட்கிற தனியார் காலேஜ்ல மட்டும் இருந்திருந்தா நான் மச்சினன் பக்கம்தான் சாஞ்சிருப்பேன். சேலம் அரசு கலைக் கல்லூரியில ஜியாலஜி இருக்கு, ஃபீஸ் வருஷத்துக்குச் சில ஆயிரம். எங்க ராசிபுரத்துல இருந்து பஸ்லயே போய்ட்டு வரலாம். மூணு வருஷம் கழிச்சு அவளுக்கு மனசு மாறினாலும் கடன்காரன் யாரும் வீட்டு வாசல்ல நிக்க மாட்டான். மூத்தவனுக்கு நான் அந்த வசதியைக் குடுக்கலை, மனசு மாறினப்பவும் கடனுக்காகவே அவன் படிச்சு முடிச்சான்.

நகரத்துல இருக்கிறவங்க எங்களை விட விவரம்னு நினைச்சுட்டு இருந்தேன். மச்சினன் குடியிருக்கிற அபார்ட்மெண்ட்ல பன்னெண்டாவது முடிச்ச புள்ளைங்க ஒன்பது பேராம். ஒன்பதும் கம்ப்யூட்டர் சயின்ஸ், இல்லைன்னா அதோட ஏ.ஐ. வாலு ஒட்டின ஏதோ ஒண்ணு. 2013ல எங்க ஊருக்கு மெக்கானிக்கல் எப்படியோ, இது அப்படித்தான் எனக்குத் தெரியுது. ஒன்பது புள்ளைக்கும் ஒரே மாதிரி ஆசை வருமாங்க?

வீட்டுக்காரி கவலை வேற. முதல்ல அவளுக்கு ஜுவாலஜிக்கும் ஜியாலஜிக்கும் வித்தியாசம் தெரியலை. "அண்ணன் கேட்டப்ப வேண்டாம்னீங்க, தங்கச்சி கேட்டா மட்டும் குடுப்பீங்களா?"ன்னு என்கிட்டச் சண்டைக்கு வந்தா. விளக்கிச் சொன்னதும், "பொட்டப்புள்ளை தனியாக் காடு மேடெல்லாம் சுத்துமா?"ன்னா. அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை. மூத்தவன்தான், "அம்மா, நீங்க விடிகாலை நாலு மணிக்குத் தனியாத் தண்ணி கட்டப் போகலையா?"ன்னான். அவ இன்னும் முழு மனசாச் சரிங்கலை. ஆனா டிபன் பாக்ஸ் புதுசு வாங்கி வெச்சுட்டா.

மக சேர்ந்து அஞ்சு வாரம் ஆச்சு. அடுத்த மாசம் பாறை பார்க்கக் கூட்டிட்டுப் போறாங்களாம், ஆளுக்கொரு சுத்தியல் வேணுமாம். வீட்டுல இருந்த சுத்தியலை எடுத்துக் குடுத்தேன். இது ஆகாதுங்கப்பான்னுட்டா. ஒரு பக்கம் தட்டையா, மறுபக்கம் கூர்மையா, பிடி வரைக்கும் ஒரே இரும்புல இருக்கணுமாம். சேலத்துல ரெண்டு கடையில கேட்டுட்டேன், கிடைக்கலை. சென்னையில எந்தக் கடையில கிடைக்கும், என்ன விலைன்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க. மச்சினன் தீபாவளிக்கு முன்னால ஒரு நடை ஊருக்கு வர்றான், வாங்கிட்டு வரச் சொல்றேன்.